ஸ்வொப்பை அணைத்துவைத்த மழைக்காலம்

நான் பயந்த சுபாவம் உள்ளவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் துணிச்சலை எதிர்பார்க்கக் கூடாது. கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதியோரம், இரும்புச் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் நிறுவனம் இருக்கிறது. தூர தேசங்களில் ஓடும் சேர்வர்கள் மெதுவானால், ஏன் மெதுவாகின என்று கண்டுபிடித்துச் சரிப்படுத்துவது என் வேலை. அந்தச் சேர்வர்களுக்கு என்ன நடந்தாலும் எனக்குப் பயம் வராது. கிழக்குப் பக்கம் வானம் கறுத்தால் வரும். எங்கள் வீடும் வயலும் ஒரு குளத்துக்குக் கீழே இருக்கின்றன.

இரணைமடு மாதிரிப் பெரிய குளம் இல்லை அது. மிகுந்த தண்ணீர் வெளியேறும் வானுக்குக் கதவுகூடக் கிடையாது. மட்டம் தாண்டினால் தண்ணீர் தானாகவே வழிந்து, கீழே இருக்கும் பள்ளமான புற்றரையால் ஆற்றுக்குப் போகும். வான் பாயுது என்று ஊரே பார்க்கப் போகும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. ஏனென்றால் அந்தப் புற்றரையில்தான் இவருடைய மாட்டுப் பட்டி இருக்கிறது. இவர் என்றால் என் கணவர். காலபோக நெல்லை விதைத்த பிறகு மாடுகளுக்கு எங்கள் பக்கம் இடமில்லை. வயல் செய்யும் கமக்காரர்களின் கூட்டத்தில் நாள் குறித்துவிடுவார்கள், அந்த நாளுக்குப் பிறகு வயற்பக்கம் யாருடைய மாடு தெரிந்தாலும் பிடித்துக் கட்டிவிடுவார்கள். ஆகவே மழை பெய்யும் மாதங்களில்தான் மாடுகள் வெள்ளம் வரும் பள்ளத்தில் நிற்கும். இதில் இருக்கும் பைத்தியக்காரத்தனத்தை நான் கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லி வருகிறேன்.

"நீர் ஒரு பயந்தாங்கொள்ளி," என்பார் இவர். "வானுக்கு ஒரு அடி கீழை தண்ணி நிக்கேக்கையே சங்கு ஊதும். அதுக்குப் பேந்து ஒரு மணித்தியாலம் இருக்கு. மாடு சாய்ச்சுக்கொண்டு வர அது காணும்."

சங்கு என்று அவர் சொன்னது கமக்காரர் அமைப்பின் கட்டடக் கூரையில் இருக்கும் சைரனை. அதை ஊதவைப்பது ஒரு பழைய கொம்பியூட்டர். எங்கள் நிறுவனம் கழித்துவிட்டதை நான்தான் கேட்டு வாங்கி, துடைத்து, அமைப்புக்குக் கொடுத்தேன். அதில் ஒரு புரோகிராம் குளத்தின் நீர்மட்டத்தை வாசிக்கும். நான்கு கமராக்களின் படங்களை நான்கு புரோகிராம்கள் பதிவுசெய்யும். இரவில் மணல் அள்ள வரும் டிப்பர்களைப் பிடிக்கத்தான் கமரா பூட்டினார்கள், ஆனால் நான்காவது கமரா இவருடைய பட்டியையும் காட்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக அழைப்புப் புரோகிராம் என்று ஒன்று. நீர்மட்டம் எல்லையைத் தொட்டால் அது சைரனை ஊதவைத்து, ஊரில் எல்லாருடைய போனுக்கும் அழைத்து, ஓடிவரச் சொல்லும்.

ஓடிவரச் சொல்வது யாருடைய குரலில் என்பதில் அமைப்புக் கூட்டத்தில் பெரிய கதை நடந்தது. அறிவிப்புக் குரலை எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். யுத்த காலத்தில் முன்பின் தெரியாத குரல் ஒன்று லவுட்ஸ்பீக்கரில் வெளிக்கிடச் சொல்லி, வெளிக்கிட்டுப் போய், என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே வீட்டு வரிசைகளுக்கு நடுவே போகும் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் அந்த ஒழுங்கைக்காரர் ஒருவரின் குரல் என்று முடிவானது. நான் வீடு வீடாகப் போய்ப் பதிவுசெய்தேன். ஒருவர் இருமினார், ஒருவர் மருமகனின் பெயரையும் சேர்த்துச் சொன்னார், ஒருவர் அழுதே விட்டார். எல்லாவற்றையும் அப்படியே சேர்த்தேன். அதனால் சின்னதாக இருக்க வேண்டிய அந்தப் புரோகிராம் கொழுத்துப் போய்விட்டது.

விதைப்புக்கு முன் குளக்கட்டில் பொங்கிப் படைப்பது வழக்கம். சென்ற தடவை பொங்கல் முடிந்ததும், சங்கையும் ஒருக்கால் ஊதிப் பார்ப்போம் என்றார் அமைப்பின் செயலாளர். நான் குளக்கட்டில் நின்றபடியே என் போனிலிருந்து பொய்யான நீர்மட்டம் ஒன்றை அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. வாழையிலையில் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம் கழித்து, எல்லாரும் சாப்பிடத் தொடங்கிய பிறகு, சைரன் ஊதியது.

"வெள்ளம் போனாப் பிறகு சொல்லும் போலை," என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் இலையை வைத்துவிட்டு, ஊதிய நேரத்தைப் போனில் குறித்துக்கொண்டேன்.

அந்த நான்கு நிமிடம் எங்கே போனது என்று அடுத்த நாளே கண்டுபிடித்தேன். இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். ஒரு புரோகிராம் வேலை செய்வதற்கு நினைவகத்தில் இடம் வேண்டும். அந்த இடத்தை இயங்குதளம் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கும். புரோகிராம் ஒரு பக்கத்தைத் தொடும்போது அது நினைவகத்தில் இல்லாவிட்டால் புரோகிராம் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும். இயங்குதளம் வந்து, அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, கொண்டுவந்து வைத்துவிட்டு, சரி போ என்று விடும். இந்த நிறுத்தத்துக்குப் பெயர் பேஜ் ஃபோல்ட். பெயர்தான் ஃபோல்ட், உண்மையில் அது பிழை இல்லை, ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் ஒவ்வொரு கணமும் நடப்பதுதான். ஆனால் தேடும் பக்கம் ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தால் நிறுத்தம் நீளும். பழைய டிஸ்க் என்றால் மிக நீளும்.

பக்கம் ஏன் டிஸ்க்குக்குப் போகிறது? இடம் போதாமல் போகும்போது, கனகாலம் யாரும் தொடாத பக்கங்களை இயங்குதளம் டிஸ்க்கில் ஒதுக்கிய ஒரு பகுதிக்கு அனுப்பிவைக்கும். அந்தப் பகுதிதான் ஸ்வொப். எங்கள் அழைப்புப் புரோகிராம் பத்து மாதமாக ஒரு வேலையும் இல்லாமல் கிடந்தது. கமராக்கள் இரவு பகலாக இடம் கேட்டன. தொடாதது தேவையில்லாதது என்று இயங்குதளம் முடிவுகட்டி, அழைப்புப் புரோகிராமை ஏறத்தாழ முழுதாகவே டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டிருந்தது. எழும்பச் சொன்னபோது அது ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு ஃபோல்ட்டாக, நொண்டி நொண்டி வந்தது.

எங்கள் அறையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவர் முல்லைத்தீவுக்காரி. அவருடைய குடும்பம் புத்தளத்தில் அகதிகளாக இருந்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், தொழிலிலும் என்னைவிடக் கெட்டிக்காரி, எதைக் கேட்டாலும் முதலில் தேத்தண்ணீரைக் குடித்து முடிப்பார்.

"அழைப்புப் புரோகிராமை மட்டும் நினைவகத்துல பூட்டுங்க," என்றார். "அத யாரும் வெளிய அனுப்பேலாமப் பண்ணுங்க. மத்ததெல்லாம் போகட்டும் வரட்டும். ஸ்வொப்ப அணைச்சிராதீங்க."

"ஏன் அணைக்கக் கூடாது? எல்லாம் உள்ளுக்கை இருந்தால் நல்லதுதானே."

"அவசரத்துக்கு ஒதுங்க ஒரு இடம் வேணும். இல்லாட்டி இடம் முடியிற நேரம் அது ஆரையாவது கொல்லும்."

ஓம் என்று தலையாட்டினேன். பிறகு அவர் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்தேன். ஸ்வொப்பை முழுதாக அணைத்தேன். அழைப்புப் புரோகிராமை மட்டுமல்ல, கமராக்களை, நீர்மட்டம் வாசிப்பதை, எல்லாவற்றையும் நினைவகத்தில் பூட்டினேன். எதுவும் எங்கும் போகக் கூடாது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். எனக்குப் பதின்மூன்று வயதில் நாங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டோம். இரண்டு நாளில் திரும்பலாம், தேவையானதை மட்டும் எடுங்கோ என்று அறிவித்தார்கள். எது தேவை என்று அம்மா தீர்மானித்தா. அன்றாடம் தொடுகிற சாமான்களைத்தான் எடுத்தா: சட்டி, பாய், பால்மா, உடுப்பு. எப்போதாவது தொடுகிறவை அலுமாரிக்குள் கிடந்தன. என் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் காணிப் பத்திரம், அவர் இருந்த ஒரே ஒரு படம். திரும்பி வந்தபோது அலுமாரி மட்டுமல்ல, அது நின்ற அறையே இல்லை. அப்பாவும் இல்லை. இப்போது தொடாததை அப்பால் வை, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று எந்தப் புத்தகத்தில் வாசித்தாலும் எனக்கு அந்த அலுமாரிதான் நினைவுக்கு வரும். அது நாலாயிரம் பைட் கொண்ட ஒரு பக்கத்தைப் பற்றிய பேச்சு என்று என் மூளைக்குத் தெரியும். எனக்குள் இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. உலகத்தில் வேறு எந்த ஊர் எஞ்சினியரும் இந்தக் காரணத்துக்காக ஸ்வொப்பை அணைத்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

மறுபடி சோதித்தேன். நீர்மட்டத்தை அனுப்பியதும் சைரன் உடனே அலறியது. குளக்கட்டில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. டிஸ்க்கிலிருந்து எடுக்கும் பேஜ் ஃபோல்ட்டுகளின் எண்ணிக்கை பூச்சியம். செயலாளர் என் தலையில் கைவைத்து, "கெட்டிக்காரப் பிள்ளை," என்றார். அன்று வானம் வெளித்திருந்தது, கமராக்களுக்குப் பதிவுசெய்ய ஒன்றுமே இல்லை. அதை நான் யோசிக்கவில்லை.

கார்த்திகை முடிகிற நேரம் தாழமுக்கம் ஒன்று வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை வீட்டில் கரண்ட் இல்லை, நெட்டும் இல்லை. நிறுவனத்தில் ஜெனரேற்றர் இருந்தது, அங்கே போனால் அமைப்பின் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று வெளிக்கிட்டேன். அமைப்புக் கட்டடத்துக்கு சோலர் இருந்ததால் அது ஓடிக்கொண்டிருந்தது. இவர் உரப்பை ஒன்றை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.

"பட்டிக்குப் போறீங்களோ?"

"ஒரு பசு கண்டு போடுற பதத்திலை நிக்குது. ஒருக்கால் பாத்திட்டு எல்லாத்தையும் மேட்டுக்குச் சாய்ச்சுப்போட்டு வாறன்."

"சங்கு ஊதினால் பசுவைப் பாக்காதேங்கோ. ஓடி வந்திடுங்கோ."

"நீர் பூட்டின சங்குதானே. ஊதும்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பஸ் ஏறினேன்.

பத்தரை மணிக்கெல்லாம் என் திரையில் அமைப்பின் கொம்பியூட்டர் திறந்திருந்தது. ஒரு பக்கம் எண்கள், மறுபக்கம் நான்கு கமராக்கள். நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொரு எண்ணைக் கனநேரம் கவனிக்கவில்லை. மிஞ்சிய நினைவகம் குறைந்துகொண்டு வந்தது. கமராக்கள் அசைவு தெரிந்தால்தான் கூடுதலாகப் பதியும். மழையில் எல்லாமே அசைவு. ஒவ்வொரு துளியையும், ஒவ்வொரு இலையையும், ஓடும் தண்ணீரையும் அவை அசைவு என்று எடுத்துச் சேர்த்துக்கொண்டே போயின. சேர்த்ததை எழுதி முடிக்க டிஸ்க்கால் முடியவில்லை. ஒதுக்கிவைக்க ஸ்வொப்பும் இல்லை. பேஜ் ஃபோல்ட் எண்ணிக்கை பூச்சியமாகவே நின்றது. அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணி கழிந்து இரண்டு நிமிடம். நீர்மட்டம் எல்லையைத் தொட்டது. அழைப்புப் புரோகிராம் எழும்பியது. போன்களுக்கு அழைக்க இன்னும் கொஞ்சம் இடம் கேட்டது. இடம் இல்லை. அனுப்பிவைக்க ஒரு பக்கம்கூட இல்லை, எல்லாவற்றையும் நான் பூட்டியிருந்தேன். அப்படி வழியே இல்லாமல் போகும்போது இயங்குதளம் ஒரு கணக்குப் பார்க்கும், யாரிடம் அதிக இடம் இருக்கிறது என்று. அதிகம் வைத்திருப்பவரைக் கொன்று மற்றவர்களைக் காப்பாற்றும். கமராக்கள் நான்கும் தனித்தனிப் புரோகிராம்கள், தனித்தனியே பார்த்தால் சிறியவை. எல்லாவற்றிலும் பெரிது, ஒழுங்கைக்காரர்களின் குரல்கள் அத்தனையையும் சுமந்தபடி நான் கையாலே பூட்டிவைத்த அழைப்புப் புரோகிராம். சைரன் ஊதுமுன்பே அது கொல்லப்பட்டது. திரையில் அந்தச் சொல்லே வந்தது: கொல்லப்பட்டது.

செத்தால் தானாக மறுபடி எழும்பும்படி அமைத்திருந்தேன். எழும்பியது. குரல்களை ஒவ்வொன்றாக ஏற்றியது. அதற்குள் கமராக்கள் விடுபட்ட இடத்தையும் பிடித்துவிட்டன. மறுபடி கொல்லப்பட்டது. எழும்பியது, கொல்லப்பட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். என் காது அடைத்துவிட்டது, பக்கத்தில் ஜெனரேற்றர் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை.

இவருக்கு அழைத்தேன். பட்டிப் பக்கம் சிக்னல் கிடையாது, தெரியும், ஆனாலும் அழைத்தேன். பிறகு செயலாளருக்கு. சைரனைக் கையாலும் ஊதலாம், பூட்டிய கதவுக்கு உள்ளே சுவரில் ஒரு சுவிட்ச் இருக்கிறது.

"அண்ணை, உடனை கட்டடத்தைத் திறந்து சங்கை ஊதுங்கோ."

"பிள்ளை, நான் கிளிநொச்சியிலை நிக்கிறன். உரக் கூட்டம்."

"திறப்பு ஆரிட்டை?"

"திறப்பு என்ரை பொக்கற்றிலை," என்றார். நான் போனை வைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினேன்.

நான்காவது கமராவில் இவர் தெரிந்தார். படம் ஓடவில்லை, சில செக்கனுக்கு ஒருமுறை விட்டு விட்டு வந்தது. தலையில் உரப்பை. மாடுகள் ஒரு மூலையில் கூட்டமாக நின்றன. பசு கன்று போட்டுவிட்டிருந்தது. இவர் குனிந்து கன்றைத் தூக்குவது ஒரு படம். பசு குறுக்கே நிற்பது அடுத்த படம். கன்றை இறக்கிவிட்டு இவர் பசுவைத் தள்ளுவது அடுத்தது. ஒரு மணித்தியாலக் கணக்கு இந்த மழைக்குப் பொருந்தவில்லை, நீர்மட்டம் அதற்குள் வானைத் தாண்டிவிட்டது, ஆனால் வான் பக்கம் இவர் திரும்பியே பார்க்கவில்லை. சங்கு ஊதவில்லையே, பிறகு ஏன் பார்க்கப் போகிறார்.

பக்கத்து மேசைக்காரி எழும்பி வந்து என் பின்னால் நின்றார். இரண்டு எண்களைப் பார்த்தார். நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அந்த நேரம் அவர் என்னை ஏசவில்லை என்பதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"புதுசா எதையும் தொடங்கேலாது, அதுக்கும் இடம் இல்ல," என்றார். "திறந்து கிடக்கிற இந்த ஜன்னலுக்குள்ளயிருந்தே கமராக்கள நிப்பாட்டலாம். அதுக்கு இடம் தேவையில்ல. நாலையும் நிப்பாட்டுங்க."

முதலாவதை நிறுத்தினேன். இரண்டாவதை. மூன்றாவதை. திரையில் மூன்று சதுரங்கள் கறுத்தன. அழைப்புப் புரோகிராம் எழும்பி, இந்தமுறை முக்கால்வாசிக்கும் மேலே வந்து, கடைசிக் குரல்களில் போய் விழுந்தது.

"நாலாவது," என்றார் அவர்.

"இன்னொருக்கால் எழும்பிப் பாக்கட்டும்."

எழும்பியது. விழுந்தது. நான்காவது சதுரத்தில் இவர் மறுபடி கன்றைத் தூக்கியிருந்தார். காலடியில் புல் தெரியவில்லை, பளபளவென்று ஏதோ தெரிந்தது. மழைத் தண்ணீராக இருக்கும் என்று நான் நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

"இன்னும் ஒருக்கால். இப்ப கிட்ட வந்தது தானே."

நான் பொய் சொன்னேன். கிட்ட வரவில்லை. அந்த ஒரு சதுரம் கறுத்தால் இவர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் நடக்காது என்று, சின்னப் பிள்ளை மாதிரி, நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் விசையில் இருந்தது. அழுத்தச் சொன்னால் அழுத்தாது.

பக்கத்து மேசைக்காரி குனிந்து என் காதருகே சொன்னார். "அவருக்குக் கேக்கணுமா, நீங்க பாக்கணுமா?"

அழுத்தினேன். சதுரம் கறுத்தது.

அழைப்புப் புரோகிராம் எழும்பியது. குரல்கள் ஏறின, கடைசிக் குரலும் ஏறியது. சைரன் ஊதுகிறது என்று ஒரு வரி வந்தது. பிறகு ஒவ்வொரு போனாக அழைத்ததாக வரி வரியாக ஓடியது. பன்னிரண்டு மைல் தூரத்தில் ஊதுவது எனக்குக் கேட்கவில்லை. மேல்மாடியில் தகரத்தில் மழை விழுகிற சத்தம்தான் கேட்டது. நீர்மட்டம் வானுக்கு மேலே இன்னும் ஏறியபோது நான் மேசைக்குக் கீழே குந்தியிருந்தேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியாது. ஷெல் அடித்த காலத்தில் அப்படித்தான் குந்துவோம். பக்கத்து மேசைக்காரியும் நிலத்தில் உட்கார்ந்து என் முதுகில் கையை வைத்துக்கொண்டு ஏதோ ஓதினார். வீதியில் தண்ணீர் ஏறியதால் பஸ் நின்றுவிட்டது, போகவும் வழியில்லை.

இரண்டு மணிக்குத் தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கப் பயமாக இருந்தது. பக்கத்து மேசைக்காரிதான் எடுத்து என் காதில் வைத்தார்.

"இஞ்சேர், நான்தான்."

"கேக்குதோ?" என்று இரண்டுமுறை கேட்டார். ஓம் என்று சொன்னேன். சொன்னதாக நினைக்கிறேன்.

சங்கு ஊதியபோது தண்ணீர் இவருடைய முழங்காலில் நின்றிருக்கிறது. மேட்டுக்குப் போகும் வழியில் பட்டி வேலி வரை வந்தபோது நெஞ்சுவரை ஏறிவிட்டது. வேலியின் முட்கம்பியைப் பிடித்தபடி, கம்பியோடு கம்பியாகக் கரைக்கு வந்திருக்கிறார். இரண்டு உள்ளங்கையும் கிழிந்து தையல் போட வேண்டியிருந்தது. கன்றை வழியில் விட்டுவிட்டார். பட்டி மாடுகளில் பாதிக்கு மேல் வெள்ளத்தில் போய்விட்டன. வீடுகள் பள்ளத்தைவிடக் கொஞ்சம் மேட்டில் இருந்ததாலும், வயலில் நின்றவர்கள் ஓடி ஏறியதாலும் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் சங்கைப் புகழ்ந்தார்கள். அந்த ஒழுங்கைக்காரர் அழுத குரலைக் கேட்டுத்தான் ஓடினோம் என்றார்கள்.

வீதியில் தண்ணீர் வடிந்ததும் பக்கத்து மேசைக்காரியும் நானும் போய் அந்தக் கொம்பியூட்டரைச் சரிப்படுத்தினோம். ஸ்வொப்பை மறுபடி திறந்தோம். கமராக்களின் பூட்டுகளை எடுத்தோம், அவற்றுக்கு ஒரு எல்லையும் வைத்தோம். அழைப்புப் புரோகிராமில் சைரனை ஊதவைக்கும் பகுதியைப் பிரித்தெடுத்துச் சின்னதாக்கி, அதை மட்டும் பூட்டினோம். இடம் முடிந்தாலும் அதைக் கொல்லக் கூடாது என்று இயங்குதளத்துக்குச் சொல்லிவைத்தோம். குரல்கள் டிஸ்க்கில் இருக்கட்டும், சைரன் ஊதுகிற நேரத்தில் ஒவ்வொன்றாக வரட்டும். சைரன் சுவிட்சுக்குக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒரு பெட்டி அடித்தோம், அதற்குத் திறப்பே இல்லை. ஓட்டிப் பார்த்தபோது பேஜ் ஃபோல்ட்டுகள் எக்கச்சக்கமாக வந்தன, சைரன் உடனே ஊதியது.

"எங்கட வீட்டக் காலி பண்ணச் சொன்ன நேரம் உம்மா ஒரு துண்டுல எழுதி வச்சிருந்தாவாம், எந்தச் சாமான் ஆருட வீட்டுல குடுத்தது எண்டு," என்றார் பக்கத்து மேசைக்காரி, வயர்களைச் சுற்றிக்கொண்டே. "இருபத்தஞ்சு வருசத்துக்குப் பிறகு வந்து ரெண்டு சாமான் வாங்கினா. ஒரு அம்மி, ஒரு குத்துவிளக்கு."

"முஸ்லிம் வீட்டிலை ஏன் குத்துவிளக்கு?"

"அது எங்கடது இல்ல. ஆரோ மாறிக் குடுத்திட்டாங்க," என்று சிரித்தார். நானும் சிரித்தேன், அந்த வாரத்தில் முதல்முறையாக.

கொம்பியூட்டரின் பதிவேட்டை அன்றுதான் முழுதாக வாசித்தேன். அதில் எல்லாமே நேரத்தோடு எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது கமரா நின்ற நேரம் இருந்தது. நான்காவது நின்ற நேரமும் இருந்தது. இரண்டுக்கும் இடையில் மூன்று நிமிடம். பதிவேட்டை யாரும் கேட்கவில்லை. நான் அழித்திருக்கலாம். இரண்டு நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன், அழிக்கவும் பயம், சொல்லவும் பயம்.

மூன்றாம் நாள் மத்தியானம். இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்ததால் இவருக்கு நான்தான் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். குசினி வாசலில், கதிரையில் இருந்தார். பருப்பும் மீன் பொரியலும். பாதிச் சாப்பாட்டில் சொன்னேன். ஸ்வொப், பூட்டு எல்லாம் சொன்னேன். கடைசியில் மூன்று நிமிடத்தையும் சொன்னேன்.

"அந்த மூண்டு நிமிசமும் என்ன செய்தனீர்?"

"உங்களைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

இவர் வெளியே பார்த்தார். புற்றரை இருக்கும் பக்கம். கோபம் இல்லை, மனதுக்குள் எதையோ நடந்து அளக்கிற மாதிரி முகம்.

"மூண்டு நிமிசமெண்டால்," என்றார், "நான் கண்டையும் தூக்கிக்கொண்டு குளக்கட்டிலை ஏறியிருப்பன்."

சொல்லிவிட்டு அடுத்த வாய்க்காக வாயைத் திறந்தார். சோறு என் கையில் குழைத்தபடி இருந்தது. என்னால் கையை உயர்த்த முடியவில்லை.